நாற்பத்தொரு நாள் தண்ணீர்

வாளி போன வேகத்தில் கிணற்றின் அடிவரைக்கும் போய்விட்டது. கயிறு கைக்குள் தளர்ந்தபோதுதான் எமிலியானுசுக்குத் தன் பிழை விளங்கியது. எழுவைதீவில் ஒருவரும் வாளியை அப்படி விடுவதில்லை. மாரி மழைக்கு நிறைந்த கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே பாலாடைபோல மெல்லிசாகக் கிடக்கும். அடியில் கிடப்பது உப்பு. வாளியை நீர்மட்டத்தில் சரித்து மேல்தண்ணீரை மட்டும் மொண்டு எடுக்கவேண்டும். முப்பது வருடமாக ஊர்க் கிணறுகளுக்குள் இறங்கிச் சேறு அள்ளிப் பிழைக்கிறவனுக்கு இது தெரியாததல்ல.

"என்னடா எமிலி, அடித்தண்ணியை அள்ளுறாய்?" என்றாள் பக்கத்து வீட்டு அல்போன்சம்மா. செத்தவளைக் குளிப்பாட்டுவதற்காக இரண்டு பெண்களோடு குசினிக்குப் பின்னால் காத்து நின்றாள். "கடைசிக் குளிப்புக்கும் உப்புத்தண்ணியே அவளுக்கு? ஊத்திப்போட்டுத் திருப்பி அள்ளு."

ஊற்றினான். திருப்பி அள்ளினான். இரண்டாம் வாளியைக் கொண்டுபோய் வைத்தபோது அல்போன்சம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உன்ரை பெட்டைக்கு என்ன நடந்தது? தாயைக் குளிப்பாட்ட வா எண்டு மூண்டுதரம் கூப்பிட்டிட்டன். வாறாள் இல்லை. கையிலை தைலம் மணக்குதாம், தொடமாட்டாளாம்."

"விடுங்கோ அக்கா."

"நேத்துப் பூசின தைலம். சவர்க்காரம் போட்டுக் கழுவினாப் போகாதே?"

எமிலியானுசின் கண் திறந்துகிடந்த கதவு வழியாக முன்னறைக்குள் போனது. அங்கே அலுமாரிக்கு மேலே மாதா சுரூபம். சுரூபத்துக்கு இடப்பக்கம் ஒரு போத்தல், வலப்பக்கம் ஒரு சின்னக் குப்பி. போத்தலில் இருப்பது மடுத் திருவிழாவில் வாங்கிவந்த தீர்த்தம். குப்பியில் இருப்பது வேலணை அப்புத்துரை ஐயா தந்த ஓமியோபதி மருந்து. வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். குப்பிக்குள் இருப்பது இந்தக் கிணற்றின் தண்ணீர் என்று எமிலியானுஸ் ஒருவனுக்குத்தான் தெரியும். நிரப்பியவன் அவன்.

போட் வருவதற்குள் அதை ஊற்றிவிட வேண்டும். ஊர்காவற்துறையிலிருந்து சவப்பெட்டியோடு, செத்துப்போன அவன் மனைவி யோசப்பினின் தமையன் கிறிஸ்தோப்பர் வெளிக்கிட்டுவிட்டார். கூட யார் வருகிறார் என்பதையும் காலையில் கரைக்குப் போன ஒருவன் வந்து சொல்லியிருந்தான்: அப்புத்துரை ஐயா.

கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு முன்னறைக்குள் போனான். அலுமாரிக்குக் கீழே, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு மகள் ஜெயந்தா இருந்தாள். பத்தொன்பது வயது. இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகி வைத்திருந்தாள், குளிருக்கு வைப்பதுபோல. அவன் கையை மேலே நீட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப்பா வேணும்?"

"ஒண்டுமில்லை. மெழுகுதிரி."

"உங்களுக்குப் பக்கத்திலைதானே கிடக்கு."

மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். பகலில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வேலியில் செருகினான்.

*

யோசப்பினுக்குப் பத்து வருடமாகத் தொய்வு வருத்தம். வாடைக்காற்று தொடங்கினால் மூச்சு இழுக்கும். நெஞ்சுக்குள் யாரோ தகரத்தை அராவுவதுபோலச் சத்தம் வரும். கிறிஸ்தோப்பர் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றுதான் சொல்லிவந்தார். அவளுக்குப் பிடித்தது அப்புத்துரை ஐயாவின் துளிமருந்து. தபால் கந்தோரில் வேலைசெய்து இளைப்பாறிய மனுசன். மரப்பெட்டிக்குள் நூறு குப்பியை அடுக்கி வைத்துக்கொண்டு, வந்தவர்களை ஒரு மணித்தியாலம் கதைக்கவிட்டுக் கேட்பார். கனவில் என்ன கண்டாய், உப்பில் ஆசையா, அழுதால் ஆறுதல் சொல்ல ஆள் வேண்டுமா வேண்டாமா. யோசப்பினை வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒருவரும் எதுவும் கேட்டதில்லை.

ஒருமுறை எமிலியானுசுக்கும் விளங்கப்படுத்தினார். ஒரு துளி மருந்துக்கு நூறு துளி தண்ணீர். அதில் ஒரு துளி எடுத்து இன்னொரு நூறு. அப்படி முப்பது தரம்.

"முப்பதாந்தரம் உள்ளுக்கை மருந்தெண்டு ஒரு பொட்டும் இராது எமிலி. சோதிச்சுப் பாக்கிறவன் வெறுந்தண்ணி எண்டுதான் சொல்லுவான். படிச்ச ஆக்களின்ரை சண்டையெல்லாம் உதிலைதான். ஆனா தண்ணி தொட்டதை மறவாது. ஒவ்வொருதரமும் பத்துக் குலுக்குக் குலுக்கவேணும். குலுக்கக் குலுக்கத்தான் நினைவு ஏறும்."

"அப்ப ஐயா, கடல் எத்தினை பிணத்தைத் தொட்டிருக்கும். அதிலை ஒரு மிடறு குடிச்சா என்ன வரும்?"

"கடலைப் பிடிச்சுக் குலுக்க உமக்குக் கை காணுமே?" என்று சிரித்தார் ஐயா. பிறகு சிரிப்பை நிற்பாட்டி, "மருந்து கிட்டக் கற்பூரம் வரக்கூடாது. தைலம், கோப்பி, ஒண்டும். கற்பூரம் பட்டா எல்லாத்தையும் மறந்துபோடும்" என்றார். வீட்டில் அது சட்டமாயிற்று.

சண்டையால் கொழும்புப் பாதை பூட்டப்பட்டபிறகு வந்த இரண்டாவது மாரி இது. நேவிக்காரர் தரும் பாஸ் இல்லாமல் தீவை விட்டுக் கிளம்ப ஏலாது. பாஸ் கிடைத்தாலும் கடல் விடவேண்டும். மூன்று கிழமை அலைந்து ஒரு பாஸ் எடுத்து, எமிலியானுஸ் வேலணைக்குப் போய் மருந்து வாங்கிவந்தான். குப்பியைச் சாரத்து மடிக்குள் சுருட்டிச் செருகியிருந்தான். திரும்பி வரும்போது கடல் அடித்தது. இடுப்பளவு தண்ணீரில் குதித்துப் போட்டைப் பிடித்து இழுத்தான். கரையேறியபோது இடுப்பில் மருந்தின் சாராயம் மணத்தது. மூடி கழன்றிருந்தது. குப்பிக்குள் ஒரு நனைவைத் தவிர ஒன்றுமில்லை.

பனைவடலிக்குப் பின்னால் நின்று குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். சாரத்தைப் பிழிந்து உள்ளே விடலாமோ என்றுகூட யோசித்தான். வீட்டில் அவள் இழுத்துக்கொண்டு இருந்தாள். இன்னொரு பாஸ் எடுக்க இன்னும் மூன்று கிழமை.

பிறகு அவன் செய்தது அந்த ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். தீவுக்குப் பூசை வைக்கச் சுவாமி வருவது எப்போதாவது. அதனால் ஒரு வீட்டிலும் தீர்த்தப் போத்தலை அடி காண விடமாட்டார்கள். கால்வாசிக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரை விட்டு நிரப்புவார்கள். உள்ளே இருக்கிற தீர்த்தம் வந்த தண்ணீரையும் தீர்த்தமாக்கிவிடும். அலுமாரிக்கு மேலே இருக்கிற போத்தல் ஐந்து வருடமாக வற்றாமல் இருப்பது அப்படித்தான். எமிலியானுஸ் குப்பியோடு கிணற்றடிக்குப் போனான். மேல்தண்ணீரைப் பார்த்து மொண்டான். கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, உள்ளங்கையில் பத்துத்தரம் குலுக்கினான். கொண்டுபோய் யோசப்பினின் கையில் கொடுத்தான். சாராயம் மணக்காததை, இந்த முறை வேறு மருந்து என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

அன்று பின்னேரமே இழுப்பு விட்டது.

மறுநாள் சொல்லலாம் என்று இருந்தான். மறுநாள் அவள் எழும்பிச் சமைத்தாள். மூன்றாம் நாள் கோயிலுக்குப் போனாள். "இந்த முறைதான் ஐயா சரியான மருந்தைக் கண்டுபிடிச்சிருக்கிறார்" என்று ஊரெல்லாம் சொன்னாள். ஒரு நாளைக்கு மூன்றுதரம், மூன்று மூன்று துளி. ஜெயந்தாதான் எண்ணிக் கொடுப்பாள். கலண்டரில் ஒவ்வொரு நாளையும் வெட்டிக்கொண்டு வந்தாள். எமிலியானுஸ் அந்தக் கலண்டரைப் பார்ப்பான். சில நாள் அவனுக்கே ஐமிச்சமாக இருக்கும். நனைவு இருந்ததுதானே. தண்ணீர் மறக்கவில்லையோ என்னவோ.

இருபதாம் நாள் அளவில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். மூச்சு முட்டினால் வாய்க்குள் அடிக்கிற பம்ப் ஒன்றைக் கிறிஸ்தோப்பர் எங்கேயோ தேடி வாங்கி அனுப்பியிருந்தார். பாதை பூட்டினதிலிருந்து கிடைக்காத சாமான். அதை அவள் எடுத்து, கோயிலடித் தம்பிஐயாவுக்குக் கொடுத்துவிட்டாள். "எனக்குத்தான் குப்பி கேக்குதே. அந்த மனுசன் இழுத்துச் சாகுது." வாசலில் நின்று கொடுத்தாள். எமிலியானுஸ் பக்கத்தில் நின்று மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். வாய் திறந்தான். பிறகு பிடியை இன்னும் ஒருதரம் தட்டினான்.

நாற்பத்தோராம் நாள், அதாவது நேற்று, விடிகிற நேரம் இழுப்பு வந்தது. ஜெயந்தா ஓடிப்போய்க் குப்பியை எடுத்தாள். யோசப்பின் குப்பி வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், போட்டுக்குக் காத்து நிற்கிறவர்கள் கடலைப் பார்ப்பதுபோல. அந்த முகத்துக்கு முன்னால் எமிலியானுசால் சொல்ல ஏலவில்லை. பம்பைத் திருப்பி வாங்கக் கோயிலடிக்கு ஓடினான், தம்பிஐயா வீட்டில் இல்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போட் தேடிக் கரைக்கு ஓடினான். ஒவ்வொரு போட்காரனையும் கெஞ்சினான். அலை ஆளுயரம். ஒவ்வொருவனும் போட்டை இறக்கமாட்டேன் என்றான். கடைசியில் ஒருவன் சம்மதித்தபிறகு எமிலியானுஸ் வீட்டுக்கு ஓடிவந்தபோது மணி பத்தரை. வீடு முழுக்கக் கற்பூரம் மணத்தது. யோசப்பினின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. ஜெயந்தா இரண்டு கையையும் விரித்தபடி இருந்தாள். இரண்டு கையும் தைலத்தில் மினுங்கின.

*

பெட்டி வந்துவிட்டது. தோளில் சுமந்து வந்த நாலு பேருக்கு முன்னால் கிறிஸ்தோப்பர் வந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தார். பின்னால் சுவாமி. அவருக்கும் பின்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டி மணலில் படாமல் தூக்கியபடி அப்புத்துரை ஐயா.

கிறிஸ்தோப்பர் தங்கச்சியின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். திரும்பி முற்றத்துக்கு வந்து எமிலியானுசுக்கு முன்னால் நின்றார். அழவில்லை.

"நான் அனுப்பின பம்ப் எங்கை மச்சான்?"

எமிலியானுஸ் நிலத்தைப் பார்த்தான். அல்போன்சம்மாதான் பதில் சொன்னாள். "தம்பிஐயாவுக்குக் குடுத்திட்டாள் தம்பி. தனக்குத் துளிமருந்து கேக்குது எண்டு."

வேலியோரத்தில் நின்ற தம்பிஐயாவின் கை தானாகச் சேட்டுப் பைக்குப் போய்ப் பையைப் பொத்திக்கொண்டது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்த்தார்கள்.

"கேட்டது வடிவாத்தான் தெரியுது" என்றார் கிறிஸ்தோப்பர். "இந்த ஐயாவை நான் செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரேல்லை. இவர் என்னத்தைக் குடுத்தவர் எண்டு சனத்துக்கு முன்னாலை சொல்லட்டும். அந்தக் குப்பியைக் கொண்டுவாங்கோ."

"இப்ப எதுக்கு மச்சான்" என்றான் எமிலியானுஸ்.

"இப்பத்தான். புதைச்ச பிறகு என்னத்தைக் கேக்கிறது?"

எமிலியானுஸ் வாசலை நோக்கி நடந்தான். தானே எடுத்தால் கை தவறினதுபோல விழுத்திவிடலாம் என்று ஒரு எண்ணம் ஓடியது. ஆனால் ஜெயந்தா அதற்குள் எழும்பியிருந்தாள். சீலைத் துண்டால் குப்பியைச் சுற்றி, கை படாமல் கொண்டுவந்தாள். தன் கை பட்டால் இன்னும் கெட்டுவிடும் என்பதுபோல.

அப்புத்துரை ஐயா குப்பியை வாங்கினார். அரைவாசிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. மூடியைத் திருகி மூக்கடியில் பிடித்தார். முகம் ஒருதரம் சுருங்கியது. மறுபடி மோந்தார். சாராயத்தில் கட்டிக்கொடுத்த மருந்து சாராயம் மணக்கவேண்டும். சின்னவிரலில் ஒரு சொட்டை விட்டு நாக்கில் வைத்தார்.

உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

ஐயா நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி எடுத்தார். அவருடைய கண் ஆட்களைத் தாண்டிப் போனது. கிணற்றுக் கட்டில் நின்றது. அங்கிருந்து மெல்லத் திரும்பி எமிலியானுசிடம் வந்தது. இடியப்போகிற கிணற்றுக்குள் நிற்கும்போது மேலே மண் கொட்டுண்ணுகிற சத்தம் கேட்குமே, அப்படி இருந்தது அவனுக்கு.

"மருந்துதான்" என்றார் அப்புத்துரை ஐயா.

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் கிறிஸ்தோப்பர்.

"பாத்தாச்சு. நான் குடுத்த மருந்துதான்."

"அப்ப ஏன் கேக்கேல்லை? நாப்பது நாள் கேட்டது நேத்து மட்டும் ஏன் கேக்கேல்லை?"

ஐயா மூடியைத் திருகினார்.

"நான் தைலம் பூசினனான்" என்றாள் ஜெயந்தா.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, படித்ததை ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள். "கால்மணித்தியாலத்துக்கு ஒருக்கா மூண்டு துளி குடுத்தனான். ஆறுதரம் குடுத்தும் விடேல்லை. அம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பாத்தவா. அப்பாவும் இல்லை. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அல்போன்சம்மா மாமி வீட்டிலை வாங்கிவந்து நெஞ்சிலை பூசினனான். கற்பூரம் கூடாதெண்டு தெரியும். தெரிஞ்சும் பூசினனான். மருந்து முறிஞ்சுபோச்சு."

கிறிஸ்தோப்பர் ஐயாவைப் பார்த்தார். "அப்பிடியோ?"

ஐயா குப்பியை வாசலுக்கு உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கற்பூரம் மருந்தை முறிக்கும் எண்டு சொன்னனான்தான்" என்றார். "ஆனா…" அந்த ஆனாவுக்குப் பிறகு என்ன வரும் என்று அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது.

கிறிஸ்தோப்பரின் கோபம் போன இடம் தெரியவில்லை. போய் மருமகளின் தலையில் கைவைத்தார். "நீ குழந்தை. உனக்கு என்னம்மா தெரியும்." அல்போன்சம்மா மூக்கைச் சிந்தி, "அறியாமல் செய்தது பாவமில்லை மோனை" என்றாள். "தைலத்தை நான்தானே எடுத்துத் தந்தனான். என்னிலையும் பிழை." ஒவ்வொருவராக வந்து மன்னித்தார்கள். ஒவ்வொரு மன்னிப்புக்கும் ஜெயந்தாவின் கை கக்கத்துக்குள் இன்னும் ஆழமாகப் போவதை எமிலியானுஸ் பார்த்துக்கொண்டு நின்றான்.

*

பெட்டிக்குள் வைக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்த நேரத்தில் அப்புத்துரை ஐயா வேலிப்பக்கம் போனார். எமிலியானுஸ் பின்னால் போனான். இரண்டு பேரும் பனையோலை வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்ப நிரப்பினது?" என்றார் ஐயா.

"கொண்டுவந்த அண்டைக்கே. போட்டாலை குதிக்கேக்கை ஊத்துண்டு போச்சு."

"அண்டைக்கே." ஐயா கண்ணை மூடித் திறந்தார். "அப்ப நாப்பது நாளும் உதுதான்."

"ஓம்."

"ஒருக்காலும் இழுப்பு வரேல்லை."

"வரேல்லை ஐயா. ஓடியாடித் திரிஞ்சவள்."

ஐயா வாய்க்குள் ஏதோ கணக்குப் பார்த்தார். அவருடைய முகம் ஒரு நொடி பிரகாசமாகி உடனே இருண்டது. அவருடைய இருபது வருடத்து நூறு குப்பிகளையும் ஒருவன் தட்டிவிட்டதுபோலவும் இருந்தது, தூக்கி நிறுத்தினதுபோலவும் இருந்தது.

"உள்ளுக்கை நனைவு இருந்ததே?"

"இருந்திருக்கும்."

"குலுக்கினீரே?"

"பத்துத்தரம்."

"அப்ப நான் பொய் சொல்லேல்லை. உந்தக் கிணத்து உப்பும் என்ரை பெட்டியிலை ஒரு மருந்துதான் எமிலி."

"மருந்தெண்டா அவள் ஏன் செத்தவள் ஐயா?"

ஐயா செருப்பை மணலில் போட்டார். ஒரு காலை நுழைத்தார். மற்றக் காலை நுழைக்க மறந்து நின்றார்.

"உம்மைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான்" என்றார் கடைசியில். "பெட்டை வாய் திறப்பாள் எண்டு நான் நினைக்கேல்லை. இனி நான் சொன்னதை நான் மாத்தேலாது. என்னை நம்பிக் குடிக்கிற சனம் இருக்கு." மற்றக் காலையும் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, "நீர் மாத்தலாம்" என்றார்.

உள்ளே சுவாமி கூப்பிட்டார். தான் கொண்டுவந்த தீர்த்தம் போட்டில் சரிந்து போய்விட்டதாம். "வீட்டிலை இருக்கே?" அல்போன்சம்மா அலுமாரிக்கு மேலிருந்த போத்தலை எடுத்துக் கொடுத்தாள். சுவாமி அதைத் தெளித்தார். யோசப்பினின் நெற்றியில் விழுந்த துளி கண்குழியில் தங்கி நின்றது. போத்தலில் இருப்பது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

*

சேமக்காலை கடற்கரையோடு இருந்தது. குழியை இடுப்பளவுக்கு மேல் ஆழமாக வெட்ட ஏலாது, தண்ணீர் ஊறும். எமிலியானுஸ் எத்தனையோ பேருக்கு அங்கே குழி வெட்டியிருக்கிறான். இன்று வெட்டியவர்கள் வேறு ஆட்கள். பெட்டி இறங்கும்போது அடியில் சளக்கென்று ஒரு சத்தம் வந்தது. ஜெயந்தா மண் போடும் முறை வந்தபோது கையை வெளியே எடுக்கவில்லை. காலால் கொஞ்ச மண்ணைத் தள்ளிவிட்டாள். சனம் ஆளையாள் பார்த்தது.

திரும்பி வரும் வழியில் கிறிஸ்தோப்பர் சொன்னார். "நாலு மணிக்குப் போட் வெளிக்கிடவேணும், அதுக்குமேலை கடலிலை விடமாட்டாங்கள். செத்தவீட்டுப் பாஸிலை பிள்ளையையும் சேர்த்திருக்கு, நான் கூட்டிக்கொண்டு போறன் மச்சான். அங்கை என்ரை பெட்டையளோடை இருக்கட்டும். தையல் பழகலாம்."

"கேட்டுப்பாருங்கோ."

"கேட்டனான். மாட்டாளாம். தாயின்ரை இடத்திலை தான் இருக்கவேணுமாம். 'செய்ததுக்கு நான் இருக்கத்தானே வேணும் மாமா' எண்டு சொல்லுறாள்." கிறிஸ்தோப்பர் நின்றார். "இந்த வயசிலை அந்தக் கதை நல்லதில்லை. நீர் ஒருக்காச் சொல்லும்."

எமிலியானுஸ் தலையாட்டினான். சொன்னால் அவள் போய்விடுவாள் என்று அவனுக்குத் தெரியும். போனபிறகு திரும்பிப் பார்க்கமாட்டாள் என்றும் தெரியும். சொல்லாவிட்டால் அவள் இருப்பாள். சமைப்பாள், தண்ணீர் அள்ளுவாள், கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு அந்த வீட்டிலேயே கிழவியாவாள். அவனுக்கு ஒரு குறையும் வராது.

கிணற்றடியில் சனம் கால் கழுவிவிட்டுப் போனது. அல்போன்சம்மா குசினியில் அடுப்பு மூட்டினாள். கிறிஸ்தோப்பர் கரைக்குப் போய்ப் போட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி நடந்தார். ஜெயந்தா கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கால் கழுவத் தண்ணீர் வேண்டும். வாளியைத் தொடாமல் நின்றாள்.

எமிலியானுஸ் வீட்டுக்குள் போய்க் குப்பியை எடுத்துவந்தான். அவளுக்கு முன்னால் மூடியைத் திறந்து உள்ளே இருந்ததை மணலில் ஊற்றினான்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

வாளியைக் கிணற்றுக்குள் விட்டான். இந்தமுறை அடிவரைக்கும் போகவிடவில்லை. நீர்மட்டத்தில் சரித்து, மேல்தண்ணீரை மொண்டு, இழுத்து எடுத்தான். குப்பியை வாளிக்குள் அமத்திப் பிடித்தான். நாலைந்து குமிழி வந்தது. கழுத்துவரை நிரம்பியதும் மூடியை இறுக்கினான். உள்ளங்கையில் குலுக்கினான். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினான். பத்து வந்ததும் குப்பியை அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. அவன் மூடியைத் திறந்து அவளுடைய வாயருகே கொண்டுபோனான். சின்னப்பிள்ளையில் மருந்து கொடுத்தபோது திறந்ததுபோல அவள் வாய் திறந்தது. மூன்று துளி விட்டான்.

தாய்க்குக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு துளியைத் தன் நாக்கிலும் விட்டுப் பார்க்கிறவள் அவள். எமிலியானுஸ் அதைக் கண்டிருக்கிறான். அவள் வாயை மூடினாள். விழுங்காமல் நின்றாள். பிறகு விழுங்கினாள்.

"இதுதான் நீ குடுத்தது" என்றான். "நேத்தும் இதுதான். முதல் நாளும் இதுதான். முறியிறதுக்கு உள்ளுக்கை ஒண்டும் இருக்கேல்லை."

அவள் குப்பியைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். குசினிக்குள் அல்போன்சம்மா விறகு முறிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

கரைப்பக்கமிருந்து கிறிஸ்தோப்பர் கூப்பிடுவது கேட்டது. "பிள்ளை, ஜெயந்தா, கடைசியாக் கேக்கிறன். வாறியோ?" அதற்குப் பின்னால் போட்டின் எஞ்சின் இரண்டுதரம் இருமி, மூன்றாம்தரம் பிடித்தது.

ஜெயந்தா கரைப்பக்கம் பார்த்தாள். கக்கத்துக்குள்ளிருந்து கையை எடுத்தாள். நேற்றுக் காலையிலிருந்து மூடியிருந்த விரல்கள் நிமிர மறுத்தன. கிணற்றுக் கட்டின்மேல் கிடந்த சவர்க்காரத்தை எடுத்து, இரண்டு கையையும் அவனுக்கு முன்னால் நீட்டினாள். கற்பூரம் மணத்தது.

எமிலியானுஸ் வாளியைத் தூக்கிச் சரித்தான். அவள் தேய்த்துக் கழுவினாள். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கைவரை. நுரை மணலில் ஓடியது. அவன் விட்டுக்கொண்டே நின்றான். போதும் என்று அவள் சொல்லவில்லை. வாளி வெறுமையாயிற்று. அவள் கையை எடுக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் மறுபடி வாளியைக் கிணற்றுக்குள் விட்டான்.